விளையாட்டுத் திடல்களுக்கு அரசுப் பணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருப் பிள்ளைகள் ஆடுகிற திடலுக்கும் அரசுதான் பணம் தருகிறது, ஒலிம்பிக்குக்குப் போகிறவர்கள் பயிற்சி எடுக்கிற அரங்கத்துக்கும் அரசுதான் பணம் தருகிறது. இரண்டுக்கும் ஒரே கஜானா. எது முதலில், எதற்கு எவ்வளவு, கட்டி முடித்த பிறகு யார் பார்த்துக்கொள்வது என்ற வாக்குவாதம் அதனாலேயே எல்லா நாட்டிலும் நடக்கிறது. நான் பல வருடங்கள் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்தவன். பெற்றோரும் இளம் வீரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

பொதுத் திடலுக்கும் உச்சநிலை அரங்கத்துக்கும் என்னதான் வித்தியாசம்?

ஓடுபாதையைப் பாருங்கள். இரண்டிலும் ஒரு சுற்று 400 மீட்டர்தான். சர்வதேசப் போட்டி நடத்த வேண்டுமென்றால் குறைந்தது 8 லேன் வேண்டும், தரைக்கு உலகத் தடகள அமைப்பின் சான்றிதழ் வேண்டும், பக்கத்திலேயே வார்ம்-அப் செய்ய இன்னொரு பாதை வேண்டும். தொலைக்காட்சியில் ஒளிபரப்ப 1,000 லக்ஸுக்கும் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் வேண்டும். மாலையில் வந்து ஓடுகிற பிள்ளைக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம் போதும். அந்தப் பிள்ளைக்கு வேண்டியவை வேறு: பள்ளமில்லாத தரை, குடிதண்ணீர், சுத்தமான கழிப்பறை, திறந்திருக்கும் கேட்.

நீச்சல் குளத்தில் இந்த வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். ஒலிம்பிக் குளம் 50 மீட்டர் நீளம், 10 லேன், 2 மீட்டருக்குக் குறையாத ஆழம். நீந்தக் கற்கிற குழந்தைக்கோ கால் தரையில் படவேண்டும். ஒருவருக்குத் தேவையான ஆழமே இன்னொருவருக்கு ஆபத்து. ஏற்றி இறக்கக்கூடிய தரை அமைத்து, ஒரே குளத்தை இரு வகையினரும் பயன்படுத்தும்படி செய்ய முடியும். அதற்குச் செலவு கூடும். ஆனால் வரைபடம் போடும்போதே யோசித்தால்தான் முடியும், கட்டிய பிறகு யோசித்தால் பெரும்பாலும் முடியாது.

விளையாட்டு அவரவர் விருப்பம். அதற்கு ஏன் வரிப்பணம்?

2022ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் வயது வந்தவர்களில் 31 சதவீதம் பேருக்குப் போதுமான உடலசைவு இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஏறத்தாழ 180 கோடிப் பேர். சர்க்கரை நோய், மாரடைப்பு, பக்கவாதம் என்று அதன் விலையைக் கடைசியில் அரசு மருத்துவமனைகள்தான் கொடுக்கின்றன.

எனக்கு இன்னும் நெருக்கமான காரணம் தண்ணீர். 2021இல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். 5 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் மரணத்துக்கான முதல் சில காரணங்களில் இது ஒன்று. நீச்சல் தெரிந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் அதில் எத்தனை பேர்! கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்குத் தனியார் குளம் இருக்கிறது, வாடகைக்குச் செயற்கைப் புல் திடல் (டர்ஃப்) இருக்கிறது. கட்ட முடியாதவர்களுக்கு அரசு கட்டாவிட்டால் வேறு யாரும் கட்டப்போவதில்லை.

பதக்கம் ஜெயித்தால் அதைப் பார்த்துப் பிள்ளைகள் திடலுக்கு வருவார்கள் அல்லவா?

எல்லா அமைச்சர்களும் சொல்கிற வாதம் இது. நானும் ரொம்ப நாள் நம்பினேன். ஒரு பெரிய பந்தயம் முடிந்த மறுவாரம் புதுப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள், உண்மைதான். அவர்களை வைத்துக்கொள்ள இடமும் பயிற்சியாளரும் இருந்தால் தங்குவார்கள். இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் அந்த வரிசை கரைந்துவிடும்.

லண்டன் 2012 இதற்குப் பெரிய சாட்சி. ‘ஒரு தலைமுறைக்கு ஊக்கம் கொடுப்போம்’ என்பதுதான் அந்த ஒலிம்பிக்கின் முழக்கமே. பிரிட்டனும் 29 தங்கம் வென்றது. அடுத்த மூன்று ஆண்டுகளில், வாரத்துக்கு ஒருமுறையாவது விளையாடுகிற பெரியவர்களின் விகிதம் கூடவில்லை, குறைந்தது. இத்தனைக்கும் பொதுப்பணத்தில் செலவிட்டது சுமார் 880 கோடி பவுண்டு. தொலைக்காட்சியில் ஓட்டம் பார்த்தவர் எழுந்து ஓட வேண்டுமென்றால், அவர் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு இடம் இருக்க வேண்டும். அந்த இடத்துக்கான பணம் தனியாக ஒதுக்கப்பட வேண்டும். பதக்கத்தின் புகழிலேயே அதுவும் தானாக வந்துவிடும் என்று கணக்குப் போடக் கூடாது.

அப்படியானால் உச்சநிலை வீரர்களுக்குச் செலவழிப்பது வீண்தானே?

இல்லை. இதில் நான் அழுத்தமாகவே மாறுபடுகிறேன்.

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவுக்கு ஒரு தங்கம்கூடக் கிடைக்கவில்லை. ஒரு வெள்ளி, நான்கு வெண்கலம், அவ்வளவுதான். நாடே தலைகுனிந்த அந்தச் சமயத்தில் எழுந்த கேள்விகளின் விளைவாக 1981இல் கான்பெராவில் ஆஸ்திரேலிய விளையாட்டுக் கழகம் திறக்கப்பட்டது. பயிற்சி, மருத்துவம், விளையாட்டு அறிவியல், தங்குமிடம் எல்லாம் ஒரே வளாகத்தில். பிரிட்டன் 1996 அட்லாண்டாவில் ஒரே ஒரு தங்கத்தோடு பதக்கப் பட்டியலில் 36ஆவது இடத்துக்குப் போனது. அடுத்த ஆண்டிலிருந்து லாட்டரிப் பணம் உச்சநிலைப் பயிற்சிக்குத் திருப்பப்பட்டது. இருபது வருடம் கழித்து ரியோவில் 27 தங்கம், இரண்டாமிடம்.

அந்த வளர்ச்சியில் சைக்கிள் பந்தயத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மான்செஸ்டரில் 1994இல் திறந்த உள்ளரங்கச் சைக்கிள் பாதை அதன் தொட்டில். சரிவான மரப்பாதை கொண்ட அப்படிப்பட்ட கூடத்தை லாபத்துக்காக எந்தத் தனியாரும் கட்டமாட்டார்கள். ஒரு நாட்டுக்கு அப்படி ஒன்றிரண்டு போதும், ஆனால் அந்த ஒன்று இல்லாவிட்டால் அந்த விளையாட்டே அங்கே வளராது. திறமையும் உழைப்பும் இருந்தும், பயிற்சிக்கு இடமில்லாமல் இருபது வயதில் விட்டுவிட்டுப் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஒரு நாடு கடமைப்பட்டிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

என் மனத்தாங்கல் உச்சநிலைப் பயிற்சிக்குச் செலவிடுவதில் இல்லை. உச்சநிலை என்ற பெயரில் பார்வையாளர் இருக்கைக்குச் செலவிடுவதில்தான். 60,000 பேர் உட்காரும் கேலரியால் எந்த ஓட்டக்காரரின் நேரமும் குறையாது.

பெரிய ஸ்டேடியம் வந்தால் வியாபாரம் பெருகும், வேலை கிடைக்கும் என்கிறார்களே?

கட்டுமானம் நடக்கும்போது வேலை கிடைக்கும். அதற்குப் பிறகு? இந்தக் கேள்வியை அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் ஒரே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள்: அரசு போட்ட பணத்துக்கு ஈடான வளர்ச்சி அந்த நகரத்துக்குக் கிடைப்பதில்லை. காரணம் எளிது. மேட்சுக்கு டிக்கெட் வாங்கிய குடும்பம் அந்த மாதம் சினிமாவுக்கும் ஓட்டலுக்கும் போவதைக் குறைத்துக்கொள்கிறது. பணம் ஊருக்குள்ளேயே ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறுகிறது.

சியாட்டிலில் 1976இல் திறந்த கிங்டோம் அரங்கத்தை 2000ஆம் ஆண்டு வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதற்காக வாங்கிய கடன் அடைந்தது 2015இல். இல்லாத கட்டடத்துக்குப் பதினைந்து வருடம் தவணை கட்டியிருக்கிறார்கள். செயின்ட் லூயிஸ் நகரம் ஓர் அமெரிக்கக் கால்பந்து அணியை ஈர்ப்பதற்காகப் பொதுப்பணத்தில் கூரை அரங்கம் கட்டியது. அங்கே வந்து ஆடிய ராம்ஸ் அணி 2016இல் லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிளம்பிவிட்டது. அரங்கமும் மிச்சக் கடனும் ஊரோடு நின்றன.

ஸ்டேடியம் வேண்டும் என்றால் அது எங்களுக்குப் பிடித்திருக்கிறது, பெருமையாக இருக்கிறது, அதனால் கட்டுகிறோம் என்று நேராகச் சொல்லலாம். மக்கள் அதை ஏற்கலாம், மறுக்கலாம். லாபம் வரும் என்று சொல்லிக் கட்டுவதுதான் தப்பு.

ஒலிம்பிக் மாதிரிப் போட்டி நடத்தினால் நல்ல வசதிகள் நிலைத்து நிற்குமே?

நிற்கலாம். நிற்காமலும் போகலாம். எதை, யாருக்காகக் கட்டினோம் என்பதைப் பொறுத்தது.

மாண்ட்ரியல் ஒலிம்பிக் ஸ்டேடியத்தின் கடனை அடைக்கப் புகையிலைமீது தனி வரி போட்டார்கள். 1976 போட்டிக்கான அந்தக் கடன் தீர்ந்தது 2006இல். ஏதென்ஸ் 2004க்குக் கட்டியவற்றில் பல, சில வருடங்களிலேயே புல் முளைத்துக் கிடந்தன. 2014 உலகக் கோப்பைக்காகப் பிரேசிலின் தலைநகரான பிரேசிலியாவில் ஏறத்தாழ 70,000 பேர் உட்காரும் கால்பந்து அரங்கம் எழுப்பினார்கள். அந்த ஊரில் முதல் டிவிஷனில் ஆடுகிற அணியே கிடையாது. அடுத்த வருடமே அதன் வாகன நிறுத்துமிடத்தில் நகரப் பேருந்துகள் வரிசையாக நின்றன.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மியூனிக் 1972 ஒலிம்பிக் பூங்கா இன்றும் நிறைந்து வழிகிறது, 2022இல் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் போட்டிகளை அங்கேயே நடத்தினார்கள். லாஸ் ஏஞ்சலஸ் 1984இல் பெரும்பாலும் இருந்த அரங்கங்களையே பயன்படுத்தியது. 1923இல் திறந்த கொலிசியம்தான் முக்கிய ஸ்டேடியம். அந்த ஒலிம்பிக்கில் 20 கோடி டாலருக்கு மேல் மிச்சமானது. அதில் ஒரு பங்கில் உருவான அறக்கட்டளை தெற்கு கலிஃபோர்னியாவில் இளைஞர் விளையாட்டுக்கு இன்றும் பணம் கொடுத்துவருகிறது.

ஒரே பூங்காவில் இரண்டு பாடங்களையும் பார்க்க லண்டனுக்குத்தான் போக வேண்டும். நீச்சல் அரங்கத்தின் இரு பக்கமும் தற்காலிகக் கேலரி வைத்து, போட்டியின்போது 17,500 பேர் உட்கார இடம் செய்தார்கள். போட்டி முடிந்ததும் அதைக் கழற்றிவிட்டு 2,500 இருக்கை ஆக்கினார்கள். 2014இலிருந்து யார் வேண்டுமானாலும் போய் நீந்தலாம். பின்னால் என்ன ஆகப்போகிறது என்பது முதல் வரைபடத்திலேயே இருந்தது. சிறிது தூரத்தில் உள்ள பெரிய ஸ்டேடியத்தைப் பிறகு என்ன செய்வது என்பதில் அப்படி ஒரு தெளிவு இல்லை. கால்பந்துக்கு ஏற்றபடி மாற்றியமைக்க மட்டும் 32 கோடி பவுண்டுக்கு மேல் ஆனது. ஓடுபாதையை மூடித் திறக்க இருக்கைகளை நகர்த்துவதற்கே வருடந்தோறும் பல மில்லியன் பவுண்டு செலவாகிறது.

இப்போது காற்று கொஞ்சம் மாறியிருக்கிறது. பாரிஸ் 2024இல் சுமார் 95 சதவீத இடங்கள் ஏற்கெனவே இருந்தவை அல்லது தற்காலிகமானவை. புதிதாகக் கட்டிய பெரிய நீச்சல் அரங்கத்தை, குளங்கள் குறைவாக இருந்த சேன்-சேன்-டெனி என்கிற ஏழைப் பகுதியில் வைத்தார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2026 காமன்வெல்த் போட்டியை நடத்த ஒப்புக்கொண்டு, செலவு 260 கோடி ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 600 கோடியைத் தாண்டும் என்று தெரிந்ததும் 2023இல் விலகியது. விலகியதற்கே 38 கோடி டாலர் இழப்பீடு கட்டினார்கள். பொறுப்பை ஏற்ற கிளாஸ்கோ, இருக்கிற நான்கு இடங்களிலேயே 10 விளையாட்டுகளோடு சுருக்கமாக நடத்தத் திட்டமிட்டது.

கட்டிவிட்டால் போதாதா? பராமரிப்புக்கு அப்படி என்ன செலவு?

எனக்கு இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

ஒரு சிந்தெடிக் ஓடுபாதை என்றால் கீழே கல், அதன்மேல் தார்த்தளம், அதற்கும் மேல் சில மில்லிமீட்டர் பாலியூரித்தேன் என்கிற ரப்பர் போன்ற பொருள். மேல்பரப்பு சுமார் பத்து வருடம் தாங்கும். தேய ஆரம்பித்ததும் மேலே மட்டும் புது அடுக்கு போட்டால் அடித்தளம் பிழைக்கும். ‘இன்னும் இரண்டு வருடம் ஓட்டிவிடலாம்’ என்று விட்டால் தண்ணீர் உள்ளே இறங்கித் தார் வெடிக்கும். அப்புறம் எல்லாவற்றையும் தோண்டி எடுக்க வேண்டியதுதான். இதைவிட வேகமாகப் பாதையைக் கொல்வது விழா மேடை. லாரியை உள்ளே விட்டு, கம்பம் நட்டு, ஒரு ராத்திரி நிகழ்ச்சி நடத்தினால் போதும், முதல் லேனில் குழி விழுந்துவிடும்.

செயற்கைப் புல்லுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு வருடம். இயற்கைப் புல் வாரத்தில் சில மணி நேர ஆட்டத்தைத்தான் தாங்கும், செயற்கைப் புல்லில் நாள் முழுக்க ஆடலாம். அதனால் இடம் குறைந்த நகரங்களுக்கு அது வரம். ஆனால் வெயிலில் அது இயற்கைப் புல்லைவிட மிக அதிகமாகச் சுடும், அதில் கொட்டுகிற ரப்பர் துகள் மண்ணிலும் நீரிலும் கலக்கும். இந்தத் துகள்களின் விற்பனைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் தடை கொண்டுவந்து, மாறிக்கொள்ள எட்டு வருட அவகாசம் கொடுத்திருக்கிறது. இன்று டர்ஃப் போடுகிற எந்த நகராட்சியும் அடுத்த முறை எதை நிரப்பப்போகிறோம் என்று இப்போதே யோசிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பசி அதிகம் நீச்சல் குளத்துக்குத்தான். ஆள் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் பம்பு ஓட வேண்டும், நீர் வடிகட்டப்பட வேண்டும், குளோரின் அளவு பார்க்க வேண்டும். குளிர் நாடுகளில் சூடாக்கவும் வேண்டும். எரிபொருள் விலை ஏறியபோது பிரிட்டனில் பல குளங்கள் மூடும் நிலைக்கு வந்தன, 2023இல் அரசு 6 கோடி பவுண்டுக்கு மேல் தனியாக ஒதுக்க வேண்டியதாயிற்று. அதே நேரத்தில் எக்ஸ்மவுத் என்ற சிற்றூரில், வாஷிங் மெஷின் அளவுள்ள ஒரு கணினிப் பெட்டி கக்கும் சூட்டை வைத்துக் குளத்தைச் சூடாக்கிச் செலவைக் குறைத்தார்கள். படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இயந்திரத்தைவிட முக்கியம் ஆள். எங்கள் பிள்ளைகள் பயிற்சி எடுத்த ஒரு பாதைக்கு ஒரே காவலாளி, ஒரே சாவி. அவர் லீவு போட்டால் கேட் திறக்காது. பதில் ஆள் போடப் பணமில்லை என்றார்கள். மாநிலப் போட்டிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது நான்கு நாள் மூடிக்கிடந்தது. பிள்ளைகள் சுவரேறிக் குதித்தார்கள். ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் பிசகியது, அந்த வருடம் அவள் ஓடவே இல்லை. அந்தப் பாதையின் விலையோடு ஒப்பிட்டால் இன்னொரு காவலாளியின் சம்பளம் ஒன்றுமே இல்லை. கட்டுவது ஒரு கணக்குத் தலைப்பு, நடத்துவது வேறு தலைப்பு என்று பிரித்து வைத்ததால் வந்த வினை அது. முதல் தலைப்பில் கோடிகள் கிடைத்தன, இரண்டாவதில் ஒரு ஆள் சம்பளம் கிடைக்கவில்லை.

முப்பது நாற்பது வருடத்தைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு குளத்தையோ உள்ளரங்கத்தையோ நடத்துகிற செலவு கட்டிய செலவைப் பல மடங்கு தாண்டிவிடும். அதனால் நடத்துவதற்கான பணம் எங்கிருந்து வரும் என்று எழுதாத எந்தத் திட்டத்துக்கும் கையெழுத்துப் போடக் கூடாது.

சின்ன நாடு, குறைந்த பணம். இருந்தாலும் நன்றாகச் செய்த உதாரணம் உண்டா?

ஐஸ்லாந்து. 2016இல் மக்கள்தொகை சுமார் 3.3 லட்சம். குளிர்காலத்தில் வெளியே பந்து உதைக்க முடியாது. 2000ஆம் ஆண்டிலிருந்து முழு அளவுக் கால்பந்துத் தரையைக் கூரைக்குள் அடக்கிய கூடங்களைக் கட்ட ஆரம்பித்தார்கள். பார்வையாளருக்காக அல்ல, ஆடுகிறவர்களுக்காக. பள்ளிகளுக்குப் பக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு செயற்கைத் தரைகளைப் போட்டார்கள். பெரும்பாலான கூடங்கள் ஊராட்சிகளின் சொத்து. பகலில் குழந்தைகள், மாலையில் கிளப், அப்புறம் பெரியவர்கள்.

இன்னொன்றும் செய்தார்கள். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்தின் உரிமம் பெற்ற பயிற்சியாளர்களை நூற்றுக்கணக்கில் உருவாக்கி, ஆறு வயதுக் குழந்தைகளுக்கும் அவர்களையே அனுப்பினார்கள். 2016 யூரோ கோப்பையில் இங்கிலாந்தை 2-1 என்று வென்று காலிறுதிக்குப் போன அணி இப்படி வளர்ந்ததுதான். 2018 உலகக் கோப்பைக்கும் தகுதி பெற்றார்கள், அதுவரை தகுதி பெற்றவற்றில் மிகச் சிறிய நாடு அது. பொதுத் திடல் வேறு, உச்சநிலை வேறு என்று அங்கே யாரும் பிரிக்கவில்லை. ஒரே கூடத்தில் இரண்டும் வளர்ந்தன.

எந்தப் பகுதிக்குத் திடல் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

ஒழுங்காகச் செய்தால், எங்கே என்ன இருக்கிறது என்று முதலில் எண்ணுவார்கள். மேற்கு ஜெர்மனியில் 1960இல் ‘தங்கத் திட்டம்’ என்று ஒன்று வந்தது. தலைக்கு இத்தனை சதுர மீட்டர் விளையாட்டிடம் வேண்டும் என்று அளவு வைத்து, ஊர் ஊராகப் பற்றாக்குறையைக் கணக்கிட்டு, பதினைந்து வருடத்தில் நிரப்பத் திட்டமிட்டார்கள். பின்லாந்தில் நாட்டிலுள்ள விளையாட்டு வசதிகளையெல்லாம் ஒரே தரவுத்தளத்தில் ஏற்றி, எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள்.

ஒழுங்காகச் செய்யாவிட்டால் ஓட்டு எங்கே வேண்டுமோ அங்கே திடல் போகும். ஆஸ்திரேலியாவில் 1990களின் தொடக்கத்தில் விளையாட்டு மானியங்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று தணிக்கை அதிகாரி கேட்டபோது, ஆவணம் எதுவும் இல்லை. அலுவலகத்தில் ஒரு பெரிய வெள்ளைப் பலகையில் எழுதி எழுதி அழித்தோம் என்றார் அமைச்சர். 1994இல் அவர் பதவி விலகினார். கால் நூற்றாண்டு கழித்து அதே நாட்டில் அதே கதை. 10 கோடி டாலர் சமுதாய விளையாட்டு மானியத்தில், விளையாட்டு ஆணையம் தகுதி பார்த்துப் போட்ட மதிப்பெண்ணைத் தாண்டி, இழுபறித் தொகுதிகளுக்குச் சாதகமாகப் பணம் போனதை 2020 ஜனவரியில் தணிக்கை அறிக்கை காட்டியது. அந்தச் சர்ச்சையின் நடுவே, அந்த மானியத்தை வழங்கிய அமைச்சரும் பதவி விலகினார். தன்னார்வலர்கள் ராத்திரி கண்விழித்து நிரப்பிய விண்ணப்பங்கள் அவை. நல்ல மதிப்பெண் வாங்கியும் பணம் கிடைக்காத கிளப்புகளை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

மதிப்பெண்ணையும், யாருக்குக் கிடைத்தது என்பதையும், மதிப்பெண்ணை மீறியிருந்தால் அதன் காரணத்தையும் ஒரே பக்கத்தில் பொதுவில் வெளியிட்டால் இதில் பெரும்பகுதி நின்றுவிடும்.

திடல் எல்லோருக்கும் பொதுதானே? பெண்களுக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கு என்று தனியாக யோசிக்க வேண்டுமா?

வேண்டும். வியன்னாவில் 1990களின் நடுவில் ஒரு ஆய்வு செய்தார்கள். ஒன்பது பத்து வயதைத் தாண்டிய பெண் பிள்ளைகள் பூங்காக்களிலிருந்து காணாமல் போவது தெரிந்தது, அதே வயதுப் பையன்கள் அங்கேயே இருந்தார்கள். பூங்கா என்றால் நடுவில் ஒரு பெரிய திறந்தவெளி, அதைப் பந்து வைத்திருப்பவர்கள் பிடித்துக்கொள்வார்கள், இடத்துக்காகச் சண்டை போட வேண்டும். 1999இல் இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள். நுழைவாயில்களைக் கூட்டினார்கள், நடைபாதை போட்டார்கள், பெரிய வெளியைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். சட்டம் எதுவும் போடவில்லை, இடத்தின் வடிவத்தை மாற்றினார்கள், அவ்வளவே.

என் அனுபவத்தில் பெண்களைத் தடுப்பவை மூன்று: கதவு பூட்ட முடியாத கழிப்பறை, உடை மாற்ற இடமின்மை, கேட்டிலிருந்து சாலை வரை வெளிச்சமின்மை. மாற்றுத்திறனாளிகளுக்கு வாசலில் ஒரு சாய்தளம் வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்பார்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து உடை மாற்றும் அறை வரை, அங்கிருந்து குளத்துத் தண்ணீருக்குள் வரை சக்கர நாற்காலியில் போக முடிகிறதா என்று ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு படி இருந்தாலும் முன்னால் கட்டியது எல்லாம் பயனற்றுப் போகும்.

சூதாட்ட, லாட்டரிப் பணத்தில் திடல் கட்டுவது சரியா?

நார்வேயில் அரசு சூதாட்ட நிறுவனத்தின் உபரியில் பெரும்பங்கு விளையாட்டுக்குப் போகிறது, அங்குள்ள திடல்களில் பலவும் அப்படி வந்தவை. பிரிட்டனும் அந்த வழியில்தான் போனது. எனக்கு இதில் முழு நிம்மதி இல்லை. லாட்டரி வாங்குகிறவர்களில் கையில் காசு குறைந்தவர்கள் நிறையப் பேர். அந்தப் பணம் வரத்தான் செய்கிறது என்றால், அவர்கள் வாழும் தெருவுக்கே திரும்பட்டும்.

புதிதாகக் கட்டாமல் வசதியைக் கூட்ட முடியுமா?

முடியும். பள்ளி மைதானங்களைப் பாருங்கள். மாலையிலும் விடுமுறையிலும் பூட்டிக் கிடக்கின்றன. ஏதாவது உடைந்தால் யார் பொறுப்பு, யார் திறந்து மூடுவது என்ற பயத்தில்தான் தலைமை ஆசிரியர்கள் தயங்குகிறார்கள், அந்தத் தயக்கம் நியாயமானது. காப்பீடும் ஒரு பணியாளரும் நகராட்சி கொடுத்து, எழுத்தில் ஒப்பந்தம் போட்டால் அவர்கள் கேட்டைத் திறந்துவிடுவார்கள். அப்புறம், இருக்கிற திடலுக்கு விளக்குப் போடுவது. மாலை ஆறு மணிக்கு இருட்டிப்போகிற திடலில் ஒன்பது மணி வரை ஆடலாம் என்றால், வேலைக்குப் போகிறவர்களுக்கு அது புதுத் திடல் கிடைத்த மாதிரிதான்.

எங்கள் பகுதியில் புது விளையாட்டு வளாகம் அறிவித்திருக்கிறார்கள். நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

எத்தனை இருக்கை என்று எல்லோரும் கேட்பார்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் என்று நீங்கள் கேளுங்கள். அந்த மணி நேரம் காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை என்றால் அதில் பயனில்லை, பள்ளியும் வேலையும் முடிந்த பிறகு எவ்வளவு என்று கேளுங்கள். உச்சநிலை அணிக்கு எந்த நேரம், பிள்ளைகளுக்கு எந்த நேரம் என்ற அட்டவணை ஒப்பந்தத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். வாய்வார்த்தை முதல் பெரிய போட்டியோடு போய்விடும்.

பத்தாவது வருடம் தரையை மாற்றும் பணம் எந்தக் கணக்கில் சேர்கிறது என்று கேளுங்கள். நடத்துவது நகராட்சியா, தனியாரா, விளையாட்டுச் சங்கமா? தனியார் என்றால் கட்டணத்தை ஏற்றும் உரிமை யாருக்கு? பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் திட்டத்தில் இருக்கிறதா? வரைபடத்தை இறுதி செய்வதற்கு முன்னால் அந்தப் பகுதிப் பெண் பிள்ளைகளிடமும் முதியவர்களிடமும் யாராவது கேட்டார்களா? பெரும்பாலும் இதற்கெல்லாம் பதில் சொல்ல ஆள் இருக்காது. எழுத்தில் கேளுங்கள், தகவல் அறியும் சட்டம் உள்ள நாடுகளில் அதன்கீழ் கேளுங்கள். டெண்டர் விடுவதற்கு முன்னால் கேட்டால் இன்னும் மாற்ற முடியும்.

இன்னொன்று, கேட்கச் சங்கடமாக இருந்தாலும் கேட்டுவிடுங்கள்: காவலாளி லீவு போடும் நாளில் சாவி யாரிடம் இருக்கும்?